சற்குணத்தின் சளி

சோதனைக் குழாயின் அடியில் ஒரு சொட்டுதான் மிச்சம் இருந்தது.

அவள் அதையும் மெஷினுக்குக் கொடுத்தாள்.

வெறும் சளி. அவள் பிடித்திருந்த பவ்யத்தைப் பார்த்தால் தீர்த்தம் என்று கையை நீட்டுவார்கள்.

மூடியில் மங்கிய மார்க்கர் எழுத்து: சற்குணம்.

அவனும் அவளும் ஒரே நாளில் இந்த லேபில் சேர்ந்தவர்கள். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, வைரஸ் இருப்பது உறுதியான சளி எப்போதும் கையில் வேண்டும். அப்போது அதை விலைக்கு வாங்க வழியில்லாத காலம். மதுரை வெயிலிலும் சற்குணத்துக்கு ஜலதோஷம்.

மூக்கை நீட்டினான்.

பஞ்சுக்குச்சியை விட்டது அவள்தான். பதற்றத்தில் கொஞ்சம் ஆழமாகவே போய்விட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "என்னைய அழ வச்ச மொதப் பொம்பள நீதான் தாயி."

அவள் சிரித்தாள். சிரித்ததோடு சரி.

வைரஸ் என்றால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். மனிதர்கள் விஷயத்தில்தான் ரிசல்ட் வரத் தாமதமாகும்.

போன வருடம் மாரடைப்பு. சற்குணம் போய்விட்டான். சளி மட்டும் ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது.

இப்போது புது மெஷின். மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துவிடும்.

படித்துவிட்டது.

பாராஇன்ஃப்ளுயன்சா, நான்காம் வகை. அபூர்வம்.

ஜலதோஷம்கூட இவனுக்கு ஊருக்கெல்லாம் வருகிற மாதிரி வரவில்லை.

ஆனால் வைரஸ் அதில் துளியூண்டு. மற்றதெல்லாம் மனித மரபணு. எல்லார் சளியிலும் அப்படித்தான்.

நோயாளியின் மரபணுவை லேப் வைத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் விதி. முதலில் மனிதனை நீக்கு. பிறகு வைரஸைச் சேமி.

எத்தனையோ பேரை நீக்கியிருக்கிறாள். ஒரு கையில் டீயோடு.

திரையில் கேள்வி வந்து நின்றது.

மனிதப் பகுதியை நீக்கவா?

குழாய் காலி. இனி எங்கே போய் எடுப்பது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, அபூர்வமா ஏதோ சிக்கிருக்காம்ல? ரிப்போர்ட் அனுப்பியாச்சா?"

"இல்ல சார்."

"ஏன், வைரஸ் கெடச்சிருச்சுல்ல?"

"கெடச்சிருச்சு சார்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆளு இன்னும் உள்ளதான் இருக்காப்ல."

அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

அவள் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.