புது அலமாரிக்கு விழுந்த அடி

சடார்... சடார்... சடார்...

யாரையோ சங்கிலியால் விளாசுவது போலச் சத்தம். நடுநடுவே ஒரு ஆள் மூச்சு வாங்குவதும் கேட்டது.

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு பெட்ரூமுக்கு ஓடினாள்.

அவள் புருஷன் ரகுநாதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிள் செயினால் புது அலமாரியை அடித்துக்கொண்டிருந்தார். கள்ளிக்குப்பத்தில் கட்டின புது வீட்டுக்கு நேற்று சாயங்காலம்தான் செய்து முடித்த தேக்கு அலமாரி. செய்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி பால்ராஜ். அவனும் அங்கேதான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாங்க இது! பைத்தியம் புடிச்சிகீதா உங்களுக்கு?"

"பண்ணை வீட்டு மாடல்," என்றார் ரகுநாதன் வியர்வையைத் துடைத்தபடி. "ஃபாக்டரியில ஒரு ஃபாரின் புஸ்தகத்துல பார்த்தேன். அமெரிக்காக்காரன் புது அலமாரியை இப்படி அடிச்சுத்தான் வீட்டுல வைப்பான்."

"அவன் அடிக்கட்டும். அவன் இன்னா சொந்த மச்சினன் செஞ்சதையா அடிக்கிறான்?"

சடார்.

பால்ராஜ் தொழிற்பேட்டைக் கம்பெனியில் இரும்பு கடையும் லேத்து ஓட்டிய பையன். கம்பெனியை மூடியதும் தச்சு வேலைக்கு வந்தான். இது முதல் வேலை. இதைப் பார்க்கத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் கான்ட்ராக்டர் பரந்தாமன் வரப்போகிறார். பிடித்துவிட்டால் குத்தம்பாக்கத்தில் அவர் கட்டும் வீடுகளுக்கெல்லாம் அலமாரி வேலை பால்ராஜுக்குத்தான். வேலை கிடைத்தால்தான் வருவேன் என்று அம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவன் பொண்டாட்டி பேபியும் திரும்பி வருவாள்.

"டேய், நீயாவது கேளேன்டா!"

பால்ராஜ் தலையை நிமிர்த்தவில்லை. "மாமா செஞ்சா சரியாத்தான்க்கா இருக்கும்."

ரகுநாதன் செயினை வைத்துவிட்டுக் கை டிரில்லை எடுத்தார். கதவு முழுக்கப் பொடிப் பொடியாக ஓட்டை போட்டார்.

"இது இன்னாத்துக்கு?"

"செல்லரிச்ச ஓட்டை. இது இல்லாட்டி பண்ணை வீடுன்னு எவன் நம்புவான்?"

அப்புறம் தட்டுகளை ஒழுங்கு செய்தார். பட்டுப்புடவைக்கு முறம். ரவிக்கைக்கு மூங்கில் கூடை. பனியனுக்கு மண்பானை. கைப்பிடியில் ஒரு மாட்டு மணி.

பக்கத்து வீட்டு ஞானம்மாள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இன்னா ஜெகதா, மாடு வாங்கப் போறீங்களா?"

ஜெகதாம்பாள் ஜன்னலைச் சாத்தினாள். 'தம்பிக்கு நாலு பேர் முன்னாடி பேர் வந்துடுமோன்னு இந்த மனுஷனுக்குப் பொறாமை' என்று நினைத்துக்கொண்டாள். நேற்று அவளே திறந்து மூடிப் பார்த்த கதவு. இப்போது அடித்த அடியில் மூடவே மாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

பரந்தாமன் உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னா சார், கதவு மூடல?"

"பண்ணை வீட்டுல கதவை யார் சார் மூடுறா? தானியத்துக்குக் காத்து வேணாமா?"

"துணிதானே கீது?"

"துணிக்கும் வேணும்."

"தட்டு சாஞ்சிகீதே?"

"சாணி மெழுகின தரை எங்க சார் சமமா இருக்கும்? அந்தச் சாய்வு அப்படியே வந்திருக்கு பாருங்க."

"இந்த அடியெல்லாம்?"

"கன்னுக்குட்டி உதைச்ச மாதிரி. அமெரிக்காவுல இதுக்குன்னே தனியா படிக்கிறாங்க."

பரந்தாமன் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். ஜெகதாம்பாள் மனசுக்குள் சாமிகளைக் கூப்பிட்டாள்.

"எனக்குத் தெரியாதா சார்?" என்றார் பரந்தாமன் திடீரென்று. "போன மாசம் பெங்களூர்ல பார்த்தேனே! பெரிய மனுஷங்க ஊட்டுல எல்லாம் இதானே இப்போ." பால்ராஜ் தோளில் தட்டினார். "கைகாரன்டா நீ! முதல்ல நம்ம பூந்தமல்லி ஊட்டுல ஒண்ணு போடு. அப்பால குத்தம்பாக்கம் வேலை பூரா உனுக்குத்தான். ஒரு பலகை நேரா இருந்துச்சுன்னா வாங்க மாட்டேன், சொல்ட்டேன்."

மாட்டு மணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜெகதாம்பாளுக்கு எதுவும் புரியவில்லை. தம்பிக்குக் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தவள், பெட்ரூம் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே பால்ராஜ் பேசுவது கேட்டது.

"இரும்புல பழகின கை மாமா. மயிரிழை இடம் உடாம கதவைச் செஞ்சிட்டேன். ராத்திரி மழையில மரம் ஊறி, கதவு நல்லா மாட்டிக்கிச்சு. அக்கா பால் வாங்கப் போன நேரத்துல சுத்தியால தட்டித் தொறக்கலாம்னு பார்த்தேன், கதவு, தட்டு எல்லாம் அடிபட்டு, கோணிக்கிட்டுப் பூட்ச்சு. அதை மறைக்க நீங்க மட்டும் இல்லாட்டி..."

"மெதுவா பேசுடா. தம்பி செஞ்சது, தம்பி செஞ்சதுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா உங்க அக்கா. அவ காதுல விழுந்துடப் போகுது."

"அதுக்கில்ல மாமா. இது ஏதோ தவறி வந்த தப்பு. திரும்ப இதே மாதிரி செய்யின்னா எனக்கு வராதே!"

"நீ இடம் விட்டு நேராவே செய்டா. கோணலாக்குறதை நான் வந்து பார்த்துக்கறேன்."

ஜெகதாம்பாள் கொலுசு சத்தம் வராமல் பின்வாங்கினாள். காபியை ஜன்னல் மேடையில் வைத்தாள். கூடத்துத் துணிக் குவியலிலிருந்து புருஷனுடைய காக்கிச் சட்டையை எடுத்து, உதறி, நிதானமாக மடிக்கத் தொடங்கினாள்.