நாற்பதாயிரம் பேர் முன்னால்

"நாப்பதாயிரம்டா! நாப்பதாயிரம் பேர்! இனிமே நீ டிரைவர் இல்ல, எழுத்தாளர்!"

ஷெட்டுக்குள் நுழையும்போதே பப்ளிசிட்டி கத்தினான். ஆம்புலன்ஸுக்கு மாற்று டிரைவர் அவன். எதையும் ஊரைக் கூட்டித்தான் சொல்வான், அதனால் அந்தப் பெயர்.

டிரைவர் சிரிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷமாகப் போனில் ஒரு பக்கம் வைத்து எழுதுகிறான் அவன். அன்றன்று வண்டியில் கண்டதை மட்டும்தான் எழுதுவான். டிரிப் ஷீட் மாதிரியே ஆரம்பிப்பான்: புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், நடுவில் நடந்தது. முந்நூற்றுப் பதினேழு பேர் படித்தார்கள். அதற்கே அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"உள்ளதை எழுதினா முந்நூறுதான் தேறும். கொஞ்சம் அழ வைடா. சொந்தக் குடும்பத்துலயே ஒரு வில்லனைப் போடு, அப்புறம் பாரு!" என்று போன வாரம் யோசனை சொன்னது பப்ளிசிட்டிதான்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். டிரைவர் கரைந்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டதாக எழுதினான். அந்தப் பொய்க்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் போட்டான்.

நாற்பதாயிரம் பேர் படித்தார்கள், அழுதார்கள். அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒரே ஒருவர் மட்டும், 'இது நம்பற மாதிரி இல்லையே' என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் படிக்க டிரைவருக்குத் தைரியம் வரவில்லை. நடந்தது நேர்மாறு என்பது அவனுக்குத் தெரியுமே!

அண்ணன் இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஷேவிங்குக்கு அங்கேதான் போயாக வேண்டும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் வரத்தானே செய்யும்? இரண்டு தெரு இரண்டு மைலாக நீண்டது.

சலூன் கண்ணாடியின் ஓரத்தில், டிரைவர் முதன்முதலாக எழுதியது லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. கிறீச்சிடும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைப் பற்றியது. முடிவெட்ட வருகிறவர்கள் அதைப் படிக்காமல் எழுந்திருக்க முடியாது, அண்ணன் விடமாட்டார். "என் தம்பி எழுதினதுங்க" என்று ஆளுக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையில் ஈ காக்கை இல்லை.

"வாடா எழுத்தாளரே! நாப்பதாயிரம் பேராமே?" அண்ணன் துணியைக் கழுத்தில் கட்டினார்.

"படிச்சியாண்ணே?"

"எனக்கேதுடா நேரம்? தாடையைத் தூக்கு."

"கடை ஏன் காலியா இருக்கு?"

"எல்லாருக்கும் வேலை இருக்கும்."

கத்தி தொண்டையில் ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒருவர் வாசலில் எட்டிப் பார்த்தார். வாடிக்கையாக வருகிறவர்தான்.

"பெத்த அப்பனையே விட்டுட்டுப் போனவன்கிட்ட நான் கழுத்தைக் குடுக்கறதா?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அண்ணனின் கை ஒரு நொடி நின்றது. பிறகு ஒன்றும் நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தார்.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அது கிடக்கட்டும். எல்லாரும் நம்பறாங்கல்ல?"

"ஒருத்தர்தான் நம்பல..."

"அவரும் நம்பிடுவாரு. நீ ஆடாம உட்காரு."

டிரைவரால் உட்கார முடியவில்லை. பாதி முகம் நுரையோடு எழுந்தான். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

'போன வாரம் நான் எழுதியது பொய். அப்பாவைச் சேர்த்த நேரம், காலை 9.10. அண்ணன் வந்த நேரம், 9.05. எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார். பதினோரு நாள் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே படுத்தார். அண்ணன் வீடு திரும்பிய நேரம், பதினோராம் நாள் மாலை 4.30. அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு.'

போட்டுவிட்டான். பத்து நிமிஷத்தில் பப்ளிசிட்டி கூப்பிட்டான்.

"கெடுத்தியேடா! கொத்துக் கொத்தா கழண்டுக்கறாங்க!"

"போறவங்க போகட்டும். பழைய முந்நூத்திப் பதினேழு மிஞ்சினா போதும் எனக்கு."

சொல்லும்போதே அவன் நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு வருஷத்தில் இவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை என்று தோன்றியது. அதே பெருமையோடு உள்ளே போய் அண்ணனிடம் போனை நீட்டினான்.

அண்ணன் படித்தார். முகம் சுருங்கியது.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"உன் பேரு கெட்டுப்போச்சேண்ணே..."

"இப்ப மட்டும் என்னவாம்? நாப்பதாயிரம் பேர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியேடா!"

"உன்னையா? பொய் சொன்னது நான்தானே?"

அண்ணன் அதே போனில் பழைய கதைக்குப் போய், விரலால் தள்ளிக்கொண்டே வந்து, நம்பாத அந்த ஆள் எழுதியிருந்ததற்குக் கீழே நிறுத்தினார். ஆறு நாளைக்கு முன்பே ஒரு பதில் போடப்பட்டிருந்தது.

'ஐயா, அந்த அண்ணன் நான்தான். அவன் எழுதினது வரிக்கு வரி உண்மை. என் தம்பிக்குப் பொய் எழுத வராது.'