சிறுகீரைப் பாத்தி

"அப்படி அள்ளி வீசாதீங்க. கோழிக்கா இரை போடுதீங்க? மணலோட கலந்து பைய தூவணும்னு சொன்னேம்லா."

கறிவேப்பிலை மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி சாலோமி அதட்டினாள். குனிந்து நின்ற அவள் கணவர் ஞானையா, கையிலிருந்த சிறுகீரை விதையைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டு, ஒரு பிடி மணலை அள்ளிக் கலந்தார். அரசு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவரை அதட்ட ஆளில்லை. இங்கே முழங்கால் கடகடவென்று சத்தம் போட, பாத்திக்கு முன்னால் வீட்டுப்பாடம் செய்யாத பையன் மாதிரி நிற்கிறார்.

ஆனாலும் உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். அவள் அதட்டுகிற வரைக்கும் நல்லது.

பாளையங்கோட்டையில் டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னதை அவர் சாலோமியிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, இனி வலிக்குத்தான் மருந்து கொடுக்கலாம் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் காத்திருந்தவளிடம், "வயித்துப் புண்ணுதானாம். காரத்தைக் குறைச்சா சரியாயிருமாம்" என்றார் ஞானையா. அவரைத் தவிர, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஸ்டெபிக்கு மட்டும் உண்மை தெரியும். வீட்டுக்கு வந்த பாஸ்டரிடம்கூட வயிற்றுப் புண்ணுக்கென்றே ஜெபிக்கச் சொன்னார். எதற்கு என்று ஆண்டவருக்குத் தெரியாதா என்ன.

ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பிய சில நாளிலேயே அவள் எழுந்து ரசம் வைத்தாள். அதில் உப்பே இல்லை. பழைய ஞானையாவாக இருந்தால் தட்டைத் தள்ளியிருப்பார். பாவம், மறந்துவிட்டாள், சொன்னால் வாடிப்போவாள் என்று நினைத்து, "ஏளா, அமிர்தமா இருக்கு. இன்னொரு கரண்டி ஊத்து" என்று வாங்கிச் சாப்பிட்டார். சாலோமி அவர் முகத்தைப் பார்த்தபடியே ஊற்றினாள்.

அதற்கு மறுநாள்தான் தோட்டம் போடப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். வெள்ளம் கொண்டுவந்து தள்ளிய வண்டல் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. தக்காளியில் ஒரு செடி, கத்தரியில் ஒன்று, மிளகாயில் ஒன்று, சின்னதாக ஒரு கீரைப்பாத்தி. செடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் வலி தெரியவில்லை என்றாள். ஞானையாவுக்கு அது போதும். கொத்துவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவர் வேலை, உட்கார்ந்து குறை சொல்வது அவள் வேலை என்று ஆகிப்போனது.

"அம்மா எப்படிப்பா இருக்கா?" என்று ஸ்டெபி போனில் கேட்டாள்.

"வலியெல்லாம் மறந்துட்டாம்மா. இந்தத் தோட்டம்தான் அவளைத் தாங்குது" என்றார்.

ஒரே ஒரு தொந்தரவு. பறித்த கீரையை ஆய்வதும் சமைப்பதும்கூட அவர் தலையில் விழுந்தது. கல்யாணமானதிலிருந்து தண்ணீர் குடிக்க மட்டுமே அடுப்படிக்குள் போன மனிதர்.

"வெங்காயம் வதங்கட்டும். பெறவு கீரையைப் போடுங்க. மூடி வைக்காதீங்க, நிறம் போயிரும்."

"நீ செஞ்சாத்தானே ருசியா இருக்கும்?"

"அடுப்பு அனல் எனக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கிண்டுங்க, அடி பிடிக்குது."

பொய் சொன்னவர் கிண்டித்தானே ஆகவேண்டும். கிண்டினார். கொஞ்ச நாளில் கீரைப் பொரியல் வாயில் வைக்கிற மாதிரி வந்தது. பிறகு நன்றாகவே வந்தது.

நாள் போகப் போக அவள் சாப்பாடு குறைந்தது. நாற்காலிக்கு வருவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு காலையில் அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, ஞானையா மண்வெட்டியை எடுத்துப் பாத்தியை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். மீதியிருந்த விதையை மணலோடு கலந்து, அவள் சொல்லிக்கொடுத்தபடியே பைய தூவினார். எறும்பு வராமல் சுற்றிலும் சாம்பலும் போட்டார். அவள் வந்து பார்த்ததும் முகம் மலரும் என்று காத்திருந்தார்.

"இது என்ன கூத்து?" என்றாள் சாலோமி.

"பாத்தியைப் பெருசாக்கிட்டேன். ஒனக்குக் கீரை பிடிக்கும்லா."

அவள் மூச்சு வாங்க உட்கார்ந்து, பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"இவ்ளோ வேண்டாம். பழைய அளவே போதும். மிச்சத்தைக் கொத்தி விட்டுருங்க."

"ஏளா, விதைச்சதையா கொத்தச் சொல்லுத?"

"மொத்தமா தழைச்சு வந்தா முத்திப் போயிரும். யாரு திங்க?"

"ஏன், நாம ரெண்டு பேரும்தான்."

சாலோமி அவர் கையைப் பிடித்து இழுத்து, விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"நான் போட்ட பாத்தி ஒரு ஆளு திங்கதுக்குத்தாங்க. செடியில ஒண்ணொண்ணு வச்சதும் அதுக்குத்தான். நீங்க ஒத்தையில இவ்ளோவையும் வச்சு என்ன செய்வீங்க?"

ஞானையா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டெபி சொன்னாளா?"

"அவ வாயே திறக்கல."

"பெறவு எப்படி?"

"அன்னைக்கு ரசத்துல உப்புப் போட நான் மறக்கலங்க. நீங்க என்ன சொல்லுதீங்கன்னு பாக்கத்தான் போடாம வச்சேன். நீங்க இன்னொரு கரண்டி கேட்டீங்க."