எந்த வண்டி நகர்ந்தது?

"சீக்கிரம் இறங்குங்க. உங்க அண்ணன்தான், என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

கணவர் குனிந்து இருக்கைக்கு அடியில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார். இரண்டே இரண்டு செருப்பைத் தேட ஒரு மனிதருக்கு இவ்வளவு நேரமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ரயில் நின்று ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. பிளாட்பாரக் குழாயில் அவருடைய அண்ணன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கையில் ஊன்றுகோல் வேறு.

"போய் என்னன்னு பேசறது?"

"மன்னிச்சுடு அண்ணேன்னு ஒரு வார்த்தை. பதினோரு வருஷமா என்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறீங்களே, அதை அவர்கிட்ட சொல்லுங்க."

அம்மா இறந்த அன்று, அத்தனை பேர் முன்னால், "கவனிக்காம நீதான் அம்மாவைக் கொன்னுட்டே" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தியவர் இவர். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை இரண்டு வருடம் தூக்கிக் குளிப்பாட்டியவர் அந்த அண்ணன். வார்த்தையைக் கொட்டிவிட்டு இவர் பட்ட வேதனை அவளுக்குத்தான் தெரியும். தூக்கத்தில்கூட "அண்ணே" என்று புலம்புவார்.

ஒருவழியாகச் செருப்பு கிடைத்தது. எழுந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் மூட்டை முடிச்சோடு ஏறி வழியை அடைத்துக்கொண்டது. பிளாட்பாரமே கண்ணில் படவில்லை.

"போச்சு! வண்டி கிளம்பிடுச்சு" என்று அவர் தங்கள் பக்கத்துச் சன்னலைக் காட்டினார்.

அடுத்த தண்டவாளத்தில் நின்ற ரயிலின் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. உட்கார்ந்த இடம் முன்னால் ஓடுவதுபோல் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது.

"இனிமே எங்க இறங்கறது?" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டிகள் வேகமெடுத்தன. கடைசிப் பெட்டியும் போன பிறகு அங்கே ஒரு சுவர் தெரிந்தது. சுவர் அசையவே இல்லை.

"ஐயோ, போனது பக்கத்து வண்டிங்க! நாம நின்ன இடத்துலயேதான் நிக்கிறோம்!"

மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு அவளே வாசலுக்கு ஓடினாள். குழாயடியில் யாரும் இல்லை. மேம்பாலப் படிகளில் ஏறிய அத்தனை முதுகுகளிலும் அந்த முதுகைத் தேடினாள். கிடைக்கவில்லை. இவரை நம்பி உட்கார்ந்திருந்ததற்குப் பதில் முதலிலேயே நான் இறங்கியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அதன்பிறகும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வண்டி புறப்பட்டது. ஐந்து நிமிடத்தில் நூறு முறை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"கண்ணு ஏமாத்திடுச்சு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

எதிரே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"வருத்தப்படாதீங்க சார். நான் பிசிக்ஸ் டீச்சர், நானே ஏமாந்துட்டேன். பக்கத்து வண்டியை மட்டும் பார்த்தா, நகர்றது நாமளா அவங்களான்னு யாருக்கும் சட்டுனு தெரியாது. தரையையோ சுவரையோ பார்த்தாத்தான் புரியும்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றி மறுபடி இருக்கைக்கு அடியில் தள்ளினார். டீச்சர் அவளிடம் திரும்பி, "சாருக்கு ரயில்ல போய்ப் பழக்கமில்லையோ?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, அவ்வளவா பழக்கமில்லை" என்றாள் அவள், முப்பத்திரண்டு வருடம் ரயில் எஞ்சின் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்ற கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.