விருந்தில் அப்பா எங்கே?

பார்லர்க்காரி மறுபடியும் பார்வையைத் திருப்பினாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாஸ்டர் பேசப் பேச நான் பக்கத்தில் நின்று சைகையில் சொல்கிறேன். காது கேளாதவர்கள் முதல் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்து என் கைகளைப் பார்க்கிறார்கள். கண்ணை எடுத்தால் பிரசங்கம் போனது போனதுதான். முதல் வரிசையில் இருக்கும் இவளோ என் இடது தோளைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழகு நிலையம் நடத்துகிறவள், என் உயிர்த்தோழி, வாயே திறக்காமல் ஊர்வம்பு அத்தனையும் பேசி முடிப்பவள்.

‘இங்கே பாருடீ’ என்று கண்ணாலேயே அதட்டினேன்.

அன்றைக்கு யார் கிடைத்தாலும் கடித்துக் குதறியிருப்பேன். வீட்டைவிட்டு ஓடிப்போய், வருஷக்கணக்கில் ஒரு போன்கூடச் செய்யாத என் தம்பி முந்தாநாள் வாசலில் வந்து நின்றான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மதியம் சொந்தபந்தம் எல்லோருக்கும் வீட்டில் விருந்து. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது யார்? அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு ஓடியது யார்? எனக்காக யாரும் ஒரு டீகூடப் போட்டுத் தந்ததில்லை.

“நான் வரலை. நீங்களே கொண்டாடுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சபைக்கு வந்துவிட்டேன்.

பாஸ்டருக்கு வேறு கதையே கிடைக்கவில்லை பாருங்கள்! பைபிளில் வரும் இரண்டு மகன்கள் உவமையை எடுத்தார்.

சைகையில் கதை சொல்ல ஒரு முறை உண்டு. ஆட்களைக் காற்றில் நிறுத்த வேண்டும். நடுவில் வீடு, அதில் அப்பா. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளையவன் வலப்பக்கம், தூரத்தில். வயலில் பாடுபடும் மூத்தவன் இடப்பக்கம், பக்கவாசல் இருக்கும் திசையில். நிறுத்தினால் நிறுத்தியதுதான். என் கை நகர்த்துகிறவரை அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு இளையவன் திரும்பி வந்தான். நடுவுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். விருந்து, பாட்டு, ஆட்டம்.

மூத்தவன் முறை வந்ததும் என் கைகளுக்குத் தனி வேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் மாடாய் உழைத்தேனே, எனக்கு என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்கிறான். பாஸ்டர் சொன்னது ஒரு பங்கு, நான் சொன்னது மூன்று பங்கு.

விருந்துக்கு வரமாட்டேன் என்று நிற்கிற அவனை அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார். அப்பாவை இடப்பக்கம் நகர்த்தி மூத்தவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். பாஸ்டர் முடித்தார். கைகளைத் தொங்கவிட்டேன்.

பார்லர்க்காரி எழுந்தாள். பாட்டுக்கு முன்னால் சந்தேகம் கேட்பது எங்கள் சபையில் வழக்கம்.

அப்பாவை வெளியிலேயே விட்டுட்டியே என்று கையசைத்தாள்.

அட, ஆமாம்! அவரை விருந்துக்குத் திருப்பிக் கொண்டுபோக மறந்துவிட்டேன். கையைத் தூக்கிவிட்டு, கதையில் எந்த இடத்தில் கொண்டுபோவது என்று தெரியாமல் பாஸ்டரைப் பார்த்தேன்.

“பாஸ்டர், அப்பா எப்போ உள்ளே போறார்?”

அவர் வேதத்தைப் பிரித்தார். முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“போகவே இல்லையேம்மா!” என்றார். குரலில் புதையல் கிடைத்த சந்தோஷம். “வெளியிலேயே நிக்கிறார். கதை அங்கேயே முடியுது!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. சின்ன வயசிலிருந்து கேட்ட கதை. என் மனசில் அப்பா எப்போதும் இளையவனோடு பந்தியில்தான் உட்கார்ந்திருப்பார். இல்லையாம்! உள்ளே பாட்டும் ஆட்டமும் அவர் இல்லாமலே நடக்கிறது. அவர் நிற்பது கோபித்துக்கொண்ட பிள்ளையோடு.

இரண்டு வரிசைக் கைகளும் ஒரேயடியாய்க் கிளம்பின. கறி ஆறிப்போகுமே என்றார் ஒருவர். மூத்தவனை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வருமா என்றாள் இன்னொருத்தி. இழுத்துக்கொண்டாவது போயிருப்பார் என்றார் மூன்றாமவர். ஒவ்வொன்றையும் பாஸ்டருக்குக் குரலில் சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு வாங்கியது. அவரோ ஆராதனையை முடிக்கவே மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

பார்லர்க்காரி தரையில் ஓங்கி மிதித்தாள். பலகைத்தரை அதிர்ந்ததும் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அப்பா சாப்பிட்டாரா என்று நிதானமாய்க் கேட்டாள்.

நான் பாஸ்டர் பக்கம் திரும்பினேன். இல்லை என்று அவள் வேகமாய்த் தலையாட்டினாள். அவரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்கிறேன் என்றாள். பிறகு, காற்றில் நான் அப்பாவை நிறுத்திய இடத்தைக் காட்டினாள். விரல் என் இடது தோளைத் தாண்டிப் போனது.

திரும்பிப் பார்த்தேன்.

பக்கவாசலுக்கு வெளியே, வெயிலில், தம்பி வாங்கித் தந்த புதுச்சட்டையில் என் அப்பா நின்றிருந்தார். கையில் இரண்டு ஹெல்மெட்.

ராட்சசி! பிரசங்கம் தொடங்கியதிலிருந்து இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பாட்டு, சைகை எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“வீட்ல எல்லாரும் பந்தியில உக்காந்துட்டாங்க” என்றார். ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்.

வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டேன்.

“ஆபரேஷன் பண்ணின கண்ணை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா? சாவியைக் குடுங்க, நான் ஓட்டறேன்.”