புறாக் கம்பம்

ஏழு மீட்டர் மூங்கில் கம்பத்தைத் தனியாளாக நிமிர்த்தி, உச்சியில் கட்டிய அலுமினியக் குழாயை அண்ணாந்து பார்த்தார் சுவிக்ஞோ. அதைப் பார்த்து மெச்சத்தான் வீட்டில் ஆளில்லை.

பதினேழு நாள் முன்பு வரை அந்தக் கம்பத்தில் ஏறி இறங்கியது புறாக் கூண்டு.

காலையில் கயிற்றை இழுத்துக் கூண்டை மேலே ஏற்றினால் புறா வெயில் காய்ந்துகொண்டே கூவும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். மனைவி முர்தினிக்கு அவள் அப்பா சாவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போன புறா அது.

ஒரு நாள் கூண்டு காலியாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

"தினை போட்டுட்டு நீதான் சாத்தாம விட்டிருக்கே" என்றார் சுவிக்ஞோ. அக்கம்பக்கத்தில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னார்.

முர்தினி மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே பேசவில்லை.

எங்கள் பிளிடார் ஊர்ப் பக்கம் பெண்கள் கோபம் வந்தால் சட்டி பானையை உருட்ட மாட்டார்கள். வாயை மூடிக்கொள்வார்கள். அதற்குச் சட்டி பானையே தேவலை. காப்பி வேளைக்கு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. தபால் ஆபீசில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

அதனால்தான் வெளியூர்க்காரர்களோடு மைக்கில் பேசுகிற சிபி ரேடியோப் பித்து இந்த அளவுக்கு முற்றியது.

ஜன்னலில் நீட்டிய கம்பியில் துலுங்காகுங் ஊர் டயர்க் கடைக்காரர் ஒருவரின் குரல் தினமும் கேட்கும். ரேடியோவில் அவருக்கு ரவோன் என்று பெயர், இவருக்குப் பருந்து. இவர் என்ன கத்தினாலும் அங்கே எட்டாது. உயரத்தில் ஆன்டெனா கட்டினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்கு லீவு போட்டதற்குக் காரணம் இருந்தது. மூன்று வீடு தள்ளி ஹர்யோவின் மகளுக்குக் கல்யாணம். தெருப் பெண்களெல்லாம் அங்கே சமைக்கக் கூடியிருந்தார்கள். முர்தினியும் விடியற்காலையிலேயே போய்விட்டாள். வீட்டில் வாய்விட்டுப் பேசலாம்.

ஒரே தொல்லை கல்யாண வீட்டு ஒலிபெருக்கிதான். தெருமுனையிலும் ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, அதற்கான கம்பியை இவர் வேலி மேலாக, மூங்கில் கம்பத்தை ஒட்டியே இழுத்திருந்தான் ஸ்பீக்கர்க்காரன். இவரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்கவில்லை. சுவிக்ஞோ ஜன்னலையெல்லாம் சாத்தினார். இரண்டு காதையும் மூடுகிற ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

மைக்கை அழுத்தினார்.

"துலுங்காகுங், துலுங்காகுங். பிளிடார்லேருந்து பருந்து பேசறேன். கேக்குதா?"

"பக்கத்து நாற்காலியில உக்காந்து பேசற மாதிரி கேக்குதுண்ணே! எதுல கட்டினீங்க ஆன்டெனாவை?"

"புறாக் கம்பத்துல."

"அப்ப புறா?"

முகம் தெரியாத ஆள். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆள். சுவிக்ஞோ மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"பறந்துடுச்சுய்யா. நான்தான் கூண்டைச் சாத்த மறந்துட்டேன். பழியைத் தூக்கி எம் பொண்டாட்டி தலையில போட்டுட்டேன். அவங்கப்பா குடுத்த புறா அது. அழக்கூட இல்ல அவ. பதினேழு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தாங்க முடியல."

ஹெட்போனையும் மீறிக் கசிந்துகொண்டிருந்த கல்யாணப் பாட்டு சட்டென்று நின்றது. கேசட் அறுந்திருக்கும், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"அவங்ககிட்டயே சொல்லிடுங்களேன்?" என்றார் ரவோன்.

"அது மட்டும் ஆகாது. நாலு பேர் முன்னாடி சொன்ன பொய்யை இப்ப எப்படி வாபஸ் வாங்கறது? தபால் ஆபீஸ்ல எனக்கு ஒரு மரியாதை இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், ரவோன். அந்தப் புறா கூவாட்டிப் போகுது. இவ குரல் இல்லாம வீடு வீடாவே இல்ல."



"அண்ணே, பேசாம கால்ல விழுந்துடுங்க. இன்னிக்கே."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ரேடியோவை அணைத்தார் சுவிக்ஞோ. நெஞ்சு லேசாகியிருந்தது. இனி முர்தினியிடம் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை என்று தோன்றியது.

ஹெட்போனைக் கழற்றினார். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. முந்நூறு பேர் கூடிய தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

வாசல் கதவு திறந்தது.

முர்தினி வந்தாள். கையெல்லாம் வெங்காய வாசனை. கல்யாணச் சாப்பாட்டுக் கூடையை மேஜைமேல் வைத்தாள். மைக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் ஏழெட்டுப் பெண்கள் கையில் கரண்டியோடு நின்றிருந்தார்கள்.

பதினேழு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஸ்பீக்கர்ல உங்க பேச்சு மட்டும்தான் வந்துச்சு. அந்த ஆளு கடைசியா என்ன சொன்னாரு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொத்தப் பேரும் சாப்பிடாம காத்திருக்காங்க."