அடுத்த மாத அட்டை

"அடுத்த அட்டைல நான் செம்பரம்பாக்கம் ஏரில முழுகிச் சாவணும், வரைடா" என்றார் காமிக்ஸ் முதலாளி வேம்புலி.

ஓவியன் சுலைமான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான். "வாணாம் நைனா. அட்டைல நெருப்பு வரைஞ்சேன், நம்ம அச்சாபீஸ் எரிஞ்சிது. பாம்பு வரைஞ்சேன், வாட்ச்மேனைக் கடிச்சிது. நீங்கதான் எல்லாம் புருடான்னு சிரிச்சீங்க."

"சிரிச்சேன். அதான் போன வாட்டி என் பேத்தியையே பார்த்து வரையச் சொன்னேன்."

ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்ட இந்த மாத இதழைக் கிழவர் எடுத்து நீட்டினார். அட்டையில், ஏரித் தண்ணீருக்குள் கண்கள் விரிய மூழ்கிக்கொண்டிருந்தாள் பேத்தி வசந்தகுமாரி.

"ஸ்கூல் பசங்களோட ஏரிக்குப் போனவ ஊடு திரும்பல. ஆளுங்க தேடிகினு கீறாங்க. கடைசிப் பக்கத்துல 'தொடரும்'னு போட்டுகீறோம் இல்ல? தொடரு. அவளைக் கரைல உக்கார வை. தண்ணிக்கு மேல என் கை மட்டும் தெரியட்டும்."